மெட்டுக்குக் கீழே நிற்கும் சுரங்கள்: கொக்குவிலில் ஒரு கோர்ட் வகுப்பு

சென்ற ஆண்டு ஒரு பாடசாலை நிகழ்வுக்காக மோகன ராகத்தில் சிறு பாட்டொன்றுக்கு மெட்டமைத்துக் கொடுத்தேன். வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளுக்குத் தோற்றி வாய்ப்பாட்டுப் படித்தவன் என்பதால், மெட்டு ராகத்தை விட்டு எங்கும் விலகவில்லை என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. பாட்டை ஒலிப்பதிவு செய்த இடத்தில் கீபோர்ட் வாசித்தவர் அதை ஒரேயொரு முறை கேட்டுவிட்டு, சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கோர்ட்டுகளை (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தொடக்கம் முதல் முடிவு வரை சுற்றவிட்டார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டபோது நான் பாடிய ஒவ்வொரு சுரமும் சரியாகவே இருந்தது. மோகனம் மட்டும் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கீபோர்ட் வாசித்தவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரங்கள் படித்து முடித்த பின்னர், சேர எண்ணுகிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் விறாந்தையில், சனிக்கிழமைகளில் பிற்பகல் 4 மணியிலிருந்து 6 மணி வரை வகுப்பு நடக்கிறது. ஒரு கீபோர்ட், ஒரு கிற்றார், ஒரு வெண்பலகை, ஆறு பேர். கட்டணம் பன்னிரண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து 15,000 ரூபா. கற்பிப்பவர் பல ஆண்டுகள் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைத்தோம். என்னோடு படித்தவர்களில் குருநகரிலிருந்து வந்த, கிற்றார் வாசிக்கும் ஒரு தம்பியும், குறும்படங்களுக்குப் பாட்டெழுதும் சுன்னாகத்துத் தங்கச்சி ஒருவரும் இருந்தார்கள். கர்நாடக சங்கீதப் பின்னணி எனக்கு மட்டுமே இருந்தது. அது இந்த வகுப்பில் தடையாகும் என்று அஞ்சியே போனேன், ஆனால் அதுவே எனக்குப் பெருந்துணையானது.

எளிமைக்காக, இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி என்ற சுரத்தைச் சட்சமாக (ச) வைத்தே எழுதுகிறேன். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்பவை வரிசையாக ச, ரி, க, ம, ப, த, நி. கோர்ட்டின் மூன்றாவது சுரம் உயர்ந்திருந்தால் அது மேஜர், அரைச்சுரம் தாழ்ந்திருந்தால் மைனர்.

முதல் நாள் ஒருவரையும் கீபோர்ட்டைத் தொட அவர் விடவில்லை. "நீங்கள் காந்தாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, நான் கீழை மாத்துறன்" என்று என்னிடம் சொன்னார். நான் அந்தர காந்தாரத்தை (ஈ) அசைக்காமல் நீட்டிப் பாட, அவர் அதன் கீழே ஒவ்வொரு கோர்ட்டாக வைத்தார். சி மேஜருக்கு மேலே அது மூன்றாவது சுரமாக நிறைவோடு உட்கார்ந்தது. ஏ மைனர் வந்தபோது அதே காந்தாரம் ஐந்தாவது சுரமாகிச் சற்றே தள்ளி நின்றது. எஃப் மேஜரின் மேல் அது ஏழாவது சுரம். எதையோ எதிர்பார்த்து ஏங்குவது போன்ற ஓர் ஒலி. டி மைனரின் மேல் ஒன்பதாவது. ஈ மைனரின் மேல் அதுவே மூல சுரம். என் தொண்டையிலிருந்து வந்த சுரம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அது வேறொன்றைச் சொன்னது. இருபது ஆண்டுகளாகப் பாடிவருகிறேன்; ஒரு சுரத்தின் பொருள் சட்சத்தோடு அதற்குள்ள உறவால் மட்டுமே அமைகிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஹார்மனியில், அதாவது மெட்டுக்குக் கீழே கோர்ட்டுகள் சேரும்போது, சட்சம் அங்கேயே இருக்க, அதற்கும் மெட்டுக்கும் நடுவில் இன்னொரு நிலம் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு மணித்தியாலத்துக்கே கட்டணம் தகும் என்பது என் கருத்து.

இதற்கு முன்னர் நகரில் வேறோர் இடத்தில் ஆறு மாதம் கீபோர்ட் படித்திருக்கிறேன். அங்கே கற்பித்தது கைவடிவங்களை: இந்த மூன்று விரலை இப்படி வைத்தால் சி, ஒவ்வொன்றாகத் தள்ளினால் டி மைனர் என்ற அளவில் அது நின்றுவிட்டது. எந்தக் கோர்ட்டை எங்கே வைப்பது, ஏன் அங்கே வைப்பது என்று கேட்டால், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்ற பதில்தான் கிடைத்தது. கொக்குவில் வகுப்பில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் மெட்டைப் பாட வேண்டும். பிறகு மெட்டு எந்தச் சுரங்களில் நின்று இளைப்பாறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் நியாச சுரம் என்று படித்தது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. அடுத்து, அந்த நிற்கும் சுரங்களுக்குக் கீழே ஒரு பேஸ் வரியை, அதாவது ஆகத் தாழ்ந்த குரலில் ஓடும் வரியை, வாயாலேயே பாட வேண்டும். மெட்டும் பேஸும் இரண்டு குரல்களாகப் பொருந்தி நின்ற பின்னர்தான் நடுவிலுள்ள சுரங்களை நிரப்புவதற்குக் கீபோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு கோர்ட்டின் சுரங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் அதற்கு ஒரே மூலம்தான் என்ற கருத்தை 1722 இல் பிரெஞ்சு இசையறிஞர் ழான் பிலிப் ரமோ வகுத்து எழுதினார் என்பதையும், இன்று நாம் பேசுகிற கோர்ட் மொழியின் பெரும்பகுதி அங்கிருந்து வளர்ந்தது என்பதையும் மாஸ்ரர் சுருக்கமாகச் சொன்னார். வரலாற்றில் அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. நிற்கத் தேவையும் இருக்கவில்லை.

அவர் பலகையில் எழுத்துகளுக்குப் பதிலாக எண்களையே எழுதுவார். சட்சத்தின் மேல் எழும் கோர்ட் 1, மத்திமத்தின் மேல் 4, பஞ்சமத்தின் மேல் 5. மைனர் என்றால் அருகே ஒரு சிறு கோடு. அமெரிக்காவின் நாஷ்வில் நகர இசைக்கலைஞர்கள் 1950களிலிருந்து பயன்படுத்திவரும் முறை இது. எங்களைப் போன்றவர்களுக்கு இது புதிதே இல்லை, ஏனென்றால் ச ரி க ம என்பதும் சுருதிக்குக் கட்டுப்படாத உறவுப் பெயர்கள்தாம். நான் ஒன்றரைக் கட்டையில் பாடுகிறேன். சுன்னாகத்துத் தங்கச்சி ஐந்தரைக் கட்டையில் பாடுவார். பலகையில் எழுதிய அதே எண்களைப் பார்த்து, குருநகர்த் தம்பி எல்லாத் தந்திகளையும் அரைச்சுரம் உயர்த்தும்படி கிற்றாரின் முதல் கட்டத்தில் கேப்போ என்ற பிடியை மாட்டி, எனக்குச் சி வடிவங்களிலும் தங்கச்சிக்கு ஜி வடிவங்களிலும் உடனே வாசித்தார். எழுத்துகளில் எழுதியிருந்தால் அரைமணி நேரம் கணக்குப் பார்த்திருப்போம்.

இனி, என் பாட்டைக் குழப்பிய அந்த நான்கு கோர்ட்டுகளுக்கு வருகிறேன். 1, 5, 6 மைனர், 4 என்ற இந்த வரிசையை வெறுக்கவே நான் வகுப்புக்குப் போனேன். மதிக்கக் கற்றுக்கொண்டு வந்தேன். உலகெங்கும் எண்ணற்ற பாட்டுகள் இதன் மேல் நிற்பதற்குக் காரணம் சோம்பல் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஏ மைனரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகும்போது தைவதமும் சட்சமும் அசையாமல் நிற்க, காந்தாரம் மட்டும் அரைச்சுரம் ஏறி மத்திமமாகிறது. எஃப் மேஜரிலிருந்து மீண்டும் சி-க்கு வரும்போது சட்சம் நிற்க, மத்திமமும் தைவதமும் ஒவ்வொரு படி இறங்குகின்றன. எங்கும் பெரிய பாய்ச்சல் இல்லை. நடுக்குரல்கள் கைகோத்து நடப்பதுபோல நடக்கின்றன. அதோடு, வரிசை நான்காம் கோர்ட்டில் முடிவதால், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற உணர்வு அடுத்த சுற்றின் முதல் கோர்ட்டில்தான் கிடைக்கிறது; ஆகவே அதை எத்தனை முறை சுற்றினாலும் நின்றுவிடத் தோன்றாது. இப்படி ஒன்றையே சுற்றவிடுவது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் பாகெல்பெல் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். டி மேஜரில் அமைந்த கேனன் என்ற அவருடைய புகழ்பெற்ற இசைத்துண்டு, எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரே பேஸ் வரியை 28 முறை திருப்பித் திருப்பி வாசித்தபடி மேலே மெட்டுகளை வளர்க்கிறது. மாஸ்ரர் அந்தப் பேஸை எங்கள் ஆறு பேரையும் பாடவைத்துவிட்டு, மேலே தாம் வாசித்தார். விறாந்தையில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

ஐந்தாம் கோர்ட்டோடு ஏழாவது சுரத்தைச் சேர்த்தால் அது ஏன் முதலாம் கோர்ட்டை நோக்கி அப்படி இழுக்கிறது என்பதை நான்காவது வாரம் படித்தோம். ஜி செவனுக்குள் காகலி நிஷாதமும் (பி) சுத்த மத்திமமும் (எஃப்) ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நிஷாதம் அரைச்சுரம் ஏறிச் சட்சத்திலும், மத்திமம் அரைச்சுரம் இறங்கிக் காந்தாரத்திலும் சேரும்போது முட்டல் தீர்கிறது. நடபைரவி ராகத்தில் நிஷாதம் கைசிகி, அதாவது அரைச்சுரம் தாழ்ந்தது, என்பதால், அதன் ஐந்தாம் கோர்ட் மைனராகி இழுவையை இழக்கிறது. அதே இடத்தில் காகலி நிஷாதத்தை வைத்தால் நாம் கீரவாணி ராகத்துக்குள் வந்துவிடுகிறோம், இழுவையும் திரும்பிவிடுகிறது. சோகப் பாட்டுகளில் வரிமுடிவு நெருங்கும்போது மட்டும் ஏன் திடீரென்று கீரவாணி வாடை வீசுகிறது என்ற என் நீண்டநாள் ஐயம் இங்கே தீர்ந்தது.

ராகத்தில் இல்லாத சுரத்தைக் கொண்டுவரும் கோர்ட்டுகளைப் படித்தபோது தாய் ராகத்தில் இல்லாத சுரத்தையும் ஏற்றுக்கொள்ளும் பாஷாங்க ராகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. சங்கராபரணத்தின் ஜன்னியமான, அதாவது அதிலிருந்து பிறந்த, பிலகரியில், சில பிரயோகங்களில் மட்டும் கைசிகி நிஷாதம் அன்னிய சுரமாக வந்து போகும். சி மேஜர் கோர்ட்டோடு அதே நிஷாதத்தைச் சேர்த்தால் சி செவன். அது கேட்பவரை எஃப் கோர்ட்டை நோக்கி அழைத்துச் செல்லும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. பிலகரியின் நிஷாதத்துக்கு எந்தக் கோர்ட்டும் தேவைப்படவில்லை. ஆனால் விருந்தாளியாக வரும் ஒரு சுரத்துக்கு வருவதற்கு ஒரு வாசலும் போவதற்கு ஒரு வாசலும் வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டிலும் உண்டு. இதை நான் சொன்னபோது மாஸ்ரர் பலகையை அழித்துவிட்டு, அன்றைய பாடத்தை அன்னிய சுரம் என்ற பெயரிலேயே மீண்டும் தொடங்கினார். கற்பிப்பவர் ஒருவரிடம் நான் இதைவிடப் பெரிய தகுதியை எதிர்பார்க்கமாட்டேன். அன்று படித்தவற்றில் மனத்தை விட்டு அகலாதது எஃப் மேஜர், எஃப் மைனர், சி என்ற இறக்கம். உள்ளே ஒரு குரல் மட்டும் சதுச்ருதி தைவதத்திலிருந்து (ஏ) அரைச்சுரம் தாழ்ந்த சுத்த தைவதத்துக்கும், அங்கிருந்து பஞ்சமத்துக்கும் அரையரைச் சுரமாக இறங்குகிறது. தங்கச்சி தம் பாட்டொன்றின் கடைசி வரியில் இதை வைத்துப் பாடினார்; பிரிவைப் பற்றிய வரி அது, அந்த ஒரு சுரம் இறங்கியதும் வரியின் பொருளே கனத்துப்போனது.

ஏழாவது வாரம் என் கேள்விக்கு விடை கிடைத்தது. மோகனத்தின் சுரங்கள் ச, ரி, க, ப, த. இவற்றை மட்டும் கொண்டு முழு மூன்றுசுரக் கோர்ட்டுகளை அடுக்கினால் இரண்டே இரண்டுதான் கிடைக்கும்: ச, க, ப சேர்ந்த சி மேஜர், த, ச, க சேர்ந்த ஏ மைனர். ஜி கோர்ட் நிஷாதத்தைக் கொண்டுவருகிறது. எஃப் கோர்ட் மத்திமத்தைக் கொண்டுவருகிறது. மோகனம் விலக்கிவைத்த இரண்டு சுரங்களும் இவைதாம். அந்த நான்கு கோர்ட்டுகளின் சுரங்களையும் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் முழுமையாக வந்துவிடுகின்றன. நான் மேலே மோகனம் பாட, கீழே ஒருவர் வரிதோறும் சங்கராபரணம் வாசித்திருக்கிறார். விலக்கப்பட்ட சுரங்கள் மெட்டில் இல்லாவிட்டாலும் காதில் விழுந்துகொண்டே இருந்ததால், ராகத்தின் முகம் கரைந்துபோனது.

இதைக் கண்டுகொண்ட பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து, ராகத்தின் வேறொரு சுரத்தைச் சட்சமாக்கி இன்னொரு ராகத்தைக் காணும் கிரகபேதக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மோகனத்தின் ரிஷபத்தைச் சட்சமாக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்தசாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்ததன்யாசி. சுரங்கள் அவையே என்பதால் ஐந்து ராகங்களுக்கும் அதே இரண்டு கோர்ட்டுகள்தாம், ஒரு மேஜரும் ஒரு மைனரும். ஆனால் அவை நிற்கும் இடம் மாறுகிறது. மோகனத்திலும் சுத்ததன்யாசியிலும் மட்டும் ஒரு கோர்ட் சட்சத்தின் மேலேயே எழுகிறது. மற்ற மூன்றிலும் சட்சத்துக்கென்று சொந்தமாக ஒரு முழுக் கோர்ட் இல்லை. ஹிந்தோளத்தில் பஞ்சமமே இல்லாததால், சட்சம் ஒன்றில் மத்திமத்தின் மேல் எழும் மைனர் கோர்ட்டின் ஐந்தாவது சுரமாகவோ, அல்லது சுத்த தைவதத்தின் மேல் எழும் மேஜர் கோர்ட்டின் மூன்றாவது சுரமாகவோதான் நிற்க முடியும். ஹிந்தோளத்தில் அமைந்த மெல்லிசைப் பாட்டுகளுக்குக் கோர்ட் பிடிப்பவர்கள், மத்திமமே வீடு என்று எண்ணி அடிக்கடி ஏமாறுவது இதனால்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வாரம் இந்தக் கணக்கை மாஸ்ரரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை நிழற்படப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

அப்படியானால் மோகனப் பாட்டுக்கு இரண்டு கோர்ட்டுகளோடு நின்றுவிட வேண்டுமா? அதற்கும் வழி காட்டினார். மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு இரண்டாவதையோ நான்காவதையோ வைத்தால் கிடைக்கும் சஸ் கோர்ட்டுகளில் பல, மோகனத்துக்குள் முழுதாக அடங்குகின்றன: ச-ரி-ப, ப-த-ரி, த-ரி-க. சி மேஜரோடு தைவதத்தைச் சேர்த்தால் சி சிக்ஸ். அதே நான்கு சுரங்களுக்குக் கீழே தைவதத்தைப் பேஸாக வைத்தால் ஏ மைனர் செவன். மேலே எதையும் மாற்றாமல் பேஸை மட்டும் மாற்றி வெயிலையும் நிழலையும் கொண்டுவரலாம். மேலும், மோகன மெட்டுக்கு எஃப், ஜி கோர்ட்டுகளை வைத்த அழகான பாட்டுகள் திரையிசையில் நிறைய உண்டு என்பதையும், அங்கே அந்த மத்திமமும் நிஷாதமும் தெரிந்தே அழைக்கப்பட்டவை என்பதையும் அவர் வாசித்துக் காட்டினார். "வரக்கூடாது எண்டு நான் சொல்லேல்லை. வாறது ஆர் எண்டு தெரிஞ்சு கதவைத் திறவுங்கோ" என்றார்.

தம்புராவைப் பற்றிய பேச்சு தற்செயலாக எழுந்தது. நான் பழக்கத்தால் கைத்தொலைபேசியில் சுருதியை ஓடவிட்டபடியே பாடிக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் ஏ மைனருக்கு முன்னால் ஈ மேஜரை வைத்தபோது காது கூசியது. அந்தக் கோர்ட்டிலுள்ள சுத்த தைவதம், சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்த பஞ்சமத்தோடு அரைச்சுர இடைவெளியில் மோதியது. நிலைத்த சுருதியும் நகரும் கோர்ட்டும் எப்போதும் சேர்ந்து வாழ்வதில்லை. அதற்காக இரண்டையும் பகையாக்கவும் வேண்டியதில்லை. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் சட்சத் தந்தியைக் கவனித்துக் கேட்டால், மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுவது நமக்கெல்லாம் தெரியும். தந்தியின் அடிச்சுரத்தை ஒன்று என்று எண்ணினால், அதன் மேல் இயல்பாக எழும் சுரங்களில் அது ஐந்தாவது. நான்கு, ஐந்து, ஆறு என்ற விகிதத்தில் நிற்கும் மேஜர் கோர்ட் தம்புராவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கீபோர்ட்டின் காந்தாரமோ அதைவிடச் சற்றுக் கூடியது. ஓர் அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்தால் ஏறக்குறைய 14 பங்கு. பாடும்போது ஏதோ இடறுகிறது என்று நான் பல ஆண்டுகளாக உணர்ந்துவந்ததன் அளவு அதுதான்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பற்றி அவர் சொன்னது சுருக்கமானது, ஆனால் பயனுள்ளது. தோடி ராகத்தின் காந்தாரத்தைப் போல அசைவே உயிராக உள்ள ஒரு சுரத்துக்குக் கீழே, அதே சுரத்தை அசையாமல் பிடித்துவைக்கும் கோர்ட்டை வைக்கக்கூடாது. மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு, சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் விட்டு, குரலுக்கு இடம் கொடுக்க வேண்டும். இதை மேலும் இரண்டு வகுப்புகளுக்கு விரித்திருக்கலாம் என்பது என் ஆவல்.

உதாரணப் பாட்டுகளை அவர் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் பிடித்தது. இலங்கைத் தமிழ்ப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே பாட்டை 1, 4, 5 என்ற மூன்று கோர்ட்டுகளில் வைத்து ஆறெட்டுத் தாளத்தில் வாசித்தோம். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தத் தீவில் ஊறிய பைலா என்ற ஆட்டப்பாட்டின் துள்ளலுக்கு, கோர்ட்டுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று அன்று விளங்கியது. கால் ஆடும்போது காது கணக்குப் பார்க்காது. அதற்கு நேர்மாறான பக்கத்தில் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976 இல் அன்னக்கிளி படத்தின் மூலம் அறிமுகமானவர் அவர். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிற்றார் வாசிப்பதை மட்டும் தனியாகப் பாடச் சொன்னார் மாஸ்ரர். சிறு வயதிலிருந்து வானொலியில் கேட்டு மனப்பாடமான பாட்டுகளுக்கு அடியில் இன்னொரு முழு மெட்டு ஓடிக்கொண்டிருந்ததை முப்பது ஆண்டுகளாக நான் கேட்டிருக்கவில்லை. மாஸ்ரரின் சொந்தக் காது வளர்ந்தது தேவாலயத்தில் பாடும் நான்குகுரல் ஞானப்பாட்டுகளில். 1816 இல் தெல்லிப்பழையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் காலத்திலிருந்து இந்தக் குடாநாட்டில் அந்தப் பாடல்முறையும் பழக்கத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஹார்மனி அந்நியம் என்று பேசுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். பேச்சு முழுவதும் தமிழில் இருந்தாலும், கையில் கொடுக்கும் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. குருநகர்த் தம்பி ஒவ்வொரு வாரமும் அவற்றை என்னிடம் கொண்டுவந்து விளக்கம் கேட்டார். எண்முறையைத் தமிழில் எழுதுவது ஒரு நாள் வேலைதான், செய்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கீபோர்ட் என்பதால் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. தாளம் பற்றிய பகுதி மிகவும் மெலிந்தது. கோர்ட்டை எத்தனை அட்சரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பது ஒரு பாட்டின் நடையையே தீர்மானிக்கிறது, ஆனால் அதற்கு ஒரே வகுப்புத்தான் ஒதுக்கப்பட்டது. மூன்றும் நான்குமாகப் பிரியும் மிஸ்ரசாபு தாளத்து மெட்டில் கோர்ட் மாற்றம் எங்கே விழ வேண்டும் என்ற என் கேள்வி கடைசிவரை தள்ளிப்போடப்பட்டது. சொல்லுக்கும் கோர்ட்டுக்கும் உள்ள உறவும் அப்படியே. பாட்டெழுத வருகிறவர்களுக்கு அதுதான் தேவை. தமிழில் நெடிலும் குறிலும் விழும் இடத்தோடு கோர்ட் மாற்றத்தைப் பொருத்துவது தனிப்பாடமாகவே இருக்க வேண்டும். பதினோராவது வகுப்பில் அது அரைமணி நேரத்தில் ஓடிக் கடந்தது. கட்டணத்தை முழுவதும் முன்கூட்டியே வாங்குவதும் மாணவர்களுக்குச் சிரமம். இரண்டு தவணையாக்கினால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இன்னும் சிலர் வருவார்கள்.

கீபோர்ட்டில் விரைவாக வாசிக்கப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது. தானியங்கிப் பின்னணிப் பொத்தானை மாஸ்ரர் ஒருமுறைகூட அழுத்த விடவில்லை. கலியாண வீட்டில் வாசிக்கப்போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கொஞ்சமாவது பாடத் தெரிந்தவர்கள், சொந்த மெட்டு ஒன்றையாவது கையில் வைத்திருப்பவர்கள் போகலாம். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் தயங்காமல் போகலாம். அடுத்த தொகுதிக்கும் ஆறு பேரைத்தான் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் ஒரு சுரக்கொப்பியையும், வாசித்ததைப் பதிந்துகொள்ளக் கைத்தொலைபேசியையும் கொண்டுபோவது நல்லது, ஏனென்றால் ஒலிப்பதிவுகள் எதையும் அவர் தருவதில்லை.

கடைசி வகுப்பில் ஆளுக்கொரு பாட்டைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். நான் அதே மோகனப் பாட்டைக் கொண்டுபோனேன். பல்லவியில் சி சிக்ஸும் ஏ மைனர் செவனும் மட்டும். அனுபல்லவி ரிஷபத்தில் நிற்கும் இடத்தில் ப, த, ரி என்ற சஸ் கோர்ட். சரணத்தின் மூன்றாவது வரியில், பிள்ளைகள் ஊரைப் பிரிந்து போவதைச் சொல்லும் சொல்லுக்குக் கீழே மட்டும், ஒரேயொரு முறை எஃப் மேஜரை வைத்திருந்தேன். மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், கடைசி வரியிலிருந்த கோர்ட்டுகளை எடுத்துவிட்டுச் சட்சத்தை மட்டும் பேஸில் பிடிக்கச் சொன்னார். அப்படியே ஒருமுறை பாடினேன். அந்த வடிவத்தில்தான் பாட்டை மீண்டும் ஒலிப்பதிவு செய்யப்போகிறேன். இம்முறை பேஸ் வரியை நானே எழுதி எடுத்துப் போகிறேன்.